கப்பல் பட்டியலில் இல்லாத தொழில்

தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடையே குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் பெருகியிருக்கிறது. அவர்களின் முன்னோர் போய் இறங்கிய நேட்டாலின் கப்பல் பட்டியல்கள் கணினிக்கு வந்துவிட்டதால் வேலை எளிதாகிவிட்டது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். பூட்டனாரின் பதிவு எண் கிடைத்தால் போதும், தகப்பன் பெயரும் கிராமமும் தெரிந்துவிடும். பிறந்த ஊரே மறந்துபோன குடும்பங்களுக்கு இது பெரிய கொடை. அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு அடுத்த பக்கத்தோடு. ஊரைக் கண்டதும், ‘எங்கள் முன்னோர் குயவர், பானை வனைந்து பிழைத்தவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். கேட்டால், நாங்களா சொல்கிறோம், ஆவணம் சொல்கிறது என்கிறார்கள். ஆவணம் அப்படிச் சொல்லவில்லை. அதில் வயது உண்டு, சாதி உண்டு, உயரம் உண்டு, உடலிலுள்ள தழும்பும் மச்சமும்கூட உண்டு. ஊரில் என்ன வேலை பார்த்தார் என்பதற்குக் கட்டமே இல்லை. சாதிக் கட்டத்தைத்தான் தொழிற்கட்டமாக வாசிக்கிறார்கள்.

இது வெள்ளை அதிகாரி பழக்கிவிட்ட வாசிப்பு. 1871 சென்னை மாகாணக் குடிக்கணக்கின் அறிக்கையை எழுதிய கார்னிஷ், இந்துக்களை 17 பெரும் பிரிவுகளாக்கி, வேளாளர் என்றால் உழவர், கைக்கோளர் என்றால் நெசவாளர் என்று சாதிக்கு நேரே தொழிலை ஒட்டிவைத்தார். அலுவலக வசதிக்கு ஒட்டிய சீட்டு, இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பூர்வீகமாகிவிட்டது.

குயவரின் சக்கரம் ஒழுங்காகச் சுழன்றிருந்தால் அவர் ஏன் கப்பலேறுகிறார்? தறியை விட்டுக் கூலிவேலைக்குப் போனவர், பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் அலைந்தவர், பிறந்ததிலிருந்தே அடுத்தவர் வயலில் உழைத்தவர் எல்லாரையும் சாதிப் பெயர் என்ற அந்த ஒரே சொல் மூடிவிடுகிறது. 1860 நவம்பரில் டர்பனை அடைந்த முதற்கப்பல் ட்ரூரோவின் பட்டியலில் சாதிக் கட்டத்தில் ‘மலபார்’ (தமிழர்) என்றும் ‘ஜெண்டூ’ (தெலுங்கர்) என்றும் எழுதியிருக்கிறது. அதிலிருந்து எந்தத் தொழிலைக் கண்டுபிடிப்பார்களாம்?

குலத்தொழில் என்றால் கௌரவம். நேட்டாலில் கூலியாகக் கரும்பு வெட்டியதைச் சொல்லக் கூச்சம். இவ்வளவுதான் விஷயம் என்று எனக்குப் படுகிறது. ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் கற்றுக்கொண்ட தொழில்கள் எத்தனை! காய்கறித் தோட்டம் போட்டார்கள், கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள், டர்பன் விரிகுடாவில் வலை இழுத்தார்கள். எந்தச் சாதிப் பெயரும் இவற்றைக் காட்டிக்கொடுக்காது. பழைய வணிகக் கையேடுகளைப் புரட்டினாலும் பாதிதான் தேறும். 1897-இல் நேட்டாலில் வந்த வணிக உரிமச் சட்டம், இந்தியருக்குக் கடை உரிமம் மறுக்கும் அதிகாரத்தை உள்ளூர் அதிகாரிகளின் கையில் கொடுத்தது. உரிமம் கிடைக்காதவர் கடைக்காரராக எந்தக் கையேட்டில் இருப்பார்? அவரைத் தேட வேண்டிய இடம் நிராகரித்த மனுக்களின் கட்டு. அதைப் பிரித்துப் படிக்க நாளாகும். சாதிக் கட்டத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.