பெய்லி இல்லாமல் திப்பு ஜெயிக்க முடியாது

புள்ளலூர்ச் சண்டையை ஒரு ஆட்டமாக வைத்துப் பார்த்தால், டாஸ் போடும் முன்பே ஒரு அணி தோற்றுவிட்ட ஆட்டம் அது. 1780 ஆகஸ்ட் கடைசியில் குண்டூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த ஆங்கிலப் படைக் கர்னல் வில்லியம் பெய்லி, கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் கூடாரம் அடித்தார். அன்று ஆற்றில் பெரிதாகத் தண்ணீர் இல்லை, இறங்கி நடந்திருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். வெள்ளம் வந்துவிட்டது. நகரி ஆறு போய்ச் சேருகிற அதே கொசஸ்தலைதான். மேற்கே நம் மலைப்பக்கம் மழை பிடித்தால் கீழே என்ன ஆகும் என்று புத்தூர், நகரிக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் பெய்லியால் அக்கரை போக முடியவில்லை. அந்த நாட்கள்தான் எதிரே நின்ற மைசூர் ஹைதர் அலிக்குக் கிடைத்த உபரி ஓவர்கள்.

காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு உட்கார்ந்திருந்தார். 1764இல் பக்சாரில் ஜெயித்தவர். அந்தப் பெயரே போதும் என்று நினைத்திருக்க வேண்டும். செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு வந்து பெய்லியை மறித்தபோது, இரண்டு ஆங்கிலப் படைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். மன்றோ தானே கிளம்பவில்லை. ஃப்ளெட்சர் என்ற அதிகாரியுடன் ஆயிரம் பேரை அனுப்பினார். அவர்களும் வந்து சேர்ந்த பிறகு, 9ஆம் தேதி இரவு பெய்லி நடையைக் கட்டினார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, விடியட்டும் என்று காத்திருந்தார். ஏன் நிறுத்தினார் என்று இன்றுவரை படை வரலாறு எழுதுகிறவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள். விடிந்தது செப்டம்பர் 10. முன்னால் திப்பு, பக்கவாட்டில் ஹைதரின் முழுப்படை, வானத்தில் மைசூர் ராக்கெட்டுகள். சதுரமாக வகுத்து நின்ற படையின் நடுவிலேயே வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதோடு முடிந்தது. மன்றோ தன் கனரக பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் திரும்பிப் போனார்.

ஒரு ஆறு, ஒரு இரவு, பிரிந்து கிடந்த இரண்டு படைகள். இதைத் திரையில் காட்டச் சொன்னால் நம் ஆட்கள் எதைக் காட்டுவார்கள்? வாளைக் காட்டுவார்கள்.

தூர்தர்ஷனில் 1990இல் தொடங்கிய ‘தி ஸ்வார்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ தொடரை இப்போது மீண்டும் அலசுவதற்குக் காரணம் அதுதான். பகவான் கித்வானியின் நாவலை எடுத்துக்கொண்டு சஞ்சய் கான் உருவாக்கிய தொடர். உழைப்பில் குறை சொல்ல முடியாது. 1989 பிப்ரவரியில் மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் படப்பிடிப்பின்போது பிடித்த தீயில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சஞ்சய் கானே உடல் வெந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, எழுந்து வந்து, திப்புவாக நடித்தார். நௌஷாத் இசை. ஹைதராக வந்த ஷாபாஸ் கானின் குரலை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இது கற்பனைக் கதை என்ற அறிவிப்போடுதான் தொடர் ஒளிபரப்பானது. திப்பு நல்லவரா கெட்டவரா என்ற வழக்கு அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அது இந்தப் பத்தியின் வேலை இல்லை. ஆட்டத்தை எப்படிக் காட்டினார்கள் என்பது மட்டும்தான்.

அந்த வகையில் என் புகார் ஒன்றே ஒன்று. தோற்ற அணியை நம் தொலைக்காட்சி ஆடவே விடுவதில்லை. அந்தக் காலத்துச் சரித்திரத் தொடர்களில் வெள்ளைக்கார அதிகாரி என்றால் கூடாரத்துக்குள் நின்று வரைபடத்தைக் கையால் குத்திக்கொண்டு உறுமுகிற ஆள். அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கு இந்த இடத்தில் பிசகியது என்று காட்டும் பொறுமை கிடையாது. நூறு குதிரை, புகை, கிட்டத்தில் ஒரு முகம், மறுபடி புகை, வெற்றி முழக்கம். எதிராளி முட்டாள் என்றால் அவனை ஜெயித்ததில் என்ன பெருமை? பந்துவீச்சாளர் வேகமாகப் போட்டதைக் காட்டாமல் சிக்ஸரை மட்டும் காட்டுகிற ஹைலைட்ஸ் மாதிரி ஆகிவிடுகிறது.

திப்புவின் சொந்த ஓவியர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ச் சண்டை நீளமாக வரையப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் ஹைதரும் திப்புவும் யானை, குதிரை வரிசைகளோடு வருகிறார்கள். ஆனால் போய் நின்றால் கண் எங்கே போகிறது? சிவப்புச் சட்டைச் சிப்பாய்களின் சதுரத்துக்குள், வெடிக்கிற மருந்து வண்டிக்குப் பக்கத்தில், பல்லக்கில் காயத்தோடு உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிற பெய்லியிடம். ஜெயித்த அரசனின் மாளிகையில், தோற்றவனுக்குத்தான் சட்டகத்தின் நடு. அதே சண்டையைக் காகிதத்தில் தீட்டிய, ஏறக்குறைய 32 அடி நீளமுள்ள பிரதி ஒன்று 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர் எதற்கு அவ்வளவு கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கொடுப்பதாக இருந்தால் அந்த விரலுக்காகத்தான் கொடுப்பேன்.

அமெரிக்காவில் இந்தக் கதை தலைகீழ். 1876 ஜூன் 25 அன்று மொன்டானா புல்வெளியில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் ஜார்ஜ் கஸ்டரின் ஏழாவது குதிரைப்படை, லகோட்டா, செயென் வீரர்களிடம் சிக்கியது. கஸ்டரோடு நேரே இருந்த 200 சொச்சம் பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. காரணம் பார்த்தால் புள்ளலூரின் அண்ணன் தம்பி: படையைப் பிரித்து அனுப்பினார், பிரிந்தவர்கள் சில மைல் தூரத்தில் இருந்தும் வந்து சேரவில்லை. ஆனால் அங்கே திரையும் தொலைக்காட்சியும் தோற்ற கஸ்டரைத்தான் நாயகனாக்கின. 1941இல் எரோல் ஃப்ளின் நடித்த படம் வந்தது; 1967இல் ஏபிசி தொலைக்காட்சியில் ‘கஸ்டர்’ என்றே ஒரு தொடர் வந்து சீக்கிரமே நின்றும் போனது. ஜெயித்த சிட்டிங் புல், கிரேஸி ஹார்ஸ் பக்கத்துக்கு அங்கே ஆட்ட நேரம் கிடைக்கவில்லை. ஆக, அவர்கள் குறை ஒரு பக்கம், நம் குறை மறு பக்கம்.

அதைச் சரிசெய்ய முயன்றது, நம் திப்பு தொடர் ஓடிக்கொண்டிருந்த அதே பருவத்தில், 1991இல் ஏபிசி இரண்டு இரவாக ஒளிபரப்பிய ‘சன் ஆஃப் தி மார்னிங் ஸ்டார்’. கதையை இரண்டு பெண் குரல்கள் சொல்கின்றன: ஒன்று கஸ்டரின் மனைவி எலிசபெத், இன்னொன்று கேட் பிக்ஹெட் என்ற செயென் பெண். ஒரே களம், இரண்டு கரைகளிலிருந்து. மறு வருடம் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸில், பழங்குடி எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்ச் கைபட்ட ‘லாஸ்ட் ஸ்டாண்ட் அட் லிட்டில் பிக்ஹார்ன்’ ஆவணப்படம் வந்தது. அதற்குள் களமே பேசத் தொடங்கியிருந்தது. 1983இல் புல் எரிந்து தரை வெறுமையானதும் தொல்லியலாளர்கள் இறங்கித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கினார்கள். துப்பாக்கி ஊசி பதித்த தடத்தை வைத்து, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று வரைந்தார்கள். குன்றின் மேல் கடைசிவரை வரிசை கலையாமல் நின்ற வீரர்கள் என்று ஓவியங்களில் பார்த்த காட்சி அந்த வரைபடத்தில் இல்லை. பழங்குடி ஆட்களில் பலரிடம் திரும்பத் திரும்பச் சுடும் துப்பாக்கிகள் இருந்ததும், குதிரைப்படையிடம் ஒரு தோட்டா போட்டு ஒருமுறை சுடும் துப்பாக்கி இருந்ததும் தெளிவாயின. மூன்றாம் நடுவரிடம் போன முடிவு மாதிரி, 100 வருடத்துக்குப் பிறகு.

நம் ஊரில் இப்படி ஒரு சண்டையை இரு பக்கமும் நியாயமாக நடத்துகிற நிகழ்ச்சி இல்லையா என்றால், இருக்கிறது. கேமரா இல்லாமல், வருடா வருடம்.

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தர்மராஜா கோயில்களில், திரௌபதி அம்மன் கோயில்களில், பாரதம் வைத்தால் பகலில் கதை, ராத்திரி கூத்து. எல்லையோர ஊர்களில் தெலுங்கும் தமிழும் கலந்தே ஓடும். கடைசி நாள் துரியோதனன் வதம். மண்ணைக் குழைத்துத் தரையில் படுத்த வாக்கில் துரியோதனனைச் செய்திருப்பார்கள். ஆள் உயரம் எல்லாம் இல்லை, ஒரு களத்து மேட்டையே அடைத்துக்கொள்ளும் உருவம். இதை ஒரு விளையாட்டு நிருபர் கண்ணால் பாருங்கள். துரியோதனன் கட்டுகிறவர் இரவு முழுக்க ஆடி முடித்தவர். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மாரில் பதக்கம், எல்லாம் மரக்கட்டையில் செய்து கண்ணாடி பதித்தவை. முகத்து மை வேர்வையில் கரைய ஆரம்பித்திருக்கும். தொண்டை கட்டியிருக்கும். அந்த நிலையில் வெயிலில் மண் உருவத்தைச் சுற்றிப் பீமனோடு ஓட வேண்டும். நல்ல ஆட்டக்காரர் ஓடுவதே தெரியாது. நாலு சுற்று பீமனைத் துரத்துவார், நாலு சுற்று தான் விலகுவார், நடுவில் நின்று வசனம் பேசுகிற சாக்கில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அந்த நிறுத்தத்தில்தான் கூட்டம் அவர் பக்கம் சாயும். அனுபவம் இல்லாதவர் முதல் ரெண்டு சுற்றிலேயே பலத்தையெல்லாம் கொட்டிவிட்டு, தொடையில் அடி விழும்போது நிஜமாகவே நிற்க முடியாமல் நிற்பார். பீமன் வேஷம் இதற்கு எளிது. கோபம் ஒன்றை வைத்தே ஓட்டிவிடலாம்.

கூத்துக்காரர்கள் பதினெட்டாம் போரில் துரியோதனன் வேஷத்தைக் கற்றுக்குட்டிக்குக் கொடுக்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க அந்த ஆளின் தனிமை, வீம்பு, உறவெல்லாம் செத்த துக்கம் எல்லாவற்றையும் பாடிக் காட்டினால்தான், காலையில் அவன் தொடை பிளப்பது ஒரு சம்பவமாக நிற்கும். மண் தொடையில் வைத்த சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி கூந்தலை முடிவாள். கூட்டம் முண்டியடித்து அந்த மண்ணைப் பிடி பிடியாக எடுத்துக்கொண்டு போகும். தோற்றவனின் உடம்பு விளைச்சலுக்கு நல்லது என்று நம்பிக்கை. சாயங்காலம் தீமிதி.

இதே சண்டையைப் பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’ 94 வாரத் தொடரில் காட்டியபோது பீமனாக வந்தவர் பிரவீண் குமார் சோப்தி. 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் வட்டு எறிதலில் தங்கம் வாங்கியவர், இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர். துரியோதனனாகப் புனீத் இஸ்ஸார். உடம்பு என்று பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது. இருந்தும் வானத்தில் அம்பும் அம்பும் மோதுகிற தந்திரக் காட்சிதான் ஊர்ப் பேச்சானது. ஒரு தடகள வீரர் கதாயுதத்தைத் தூக்கி இறக்கும்போது தோள் எப்படித் திரும்புகிறது என்று பார்க்கக் கேமரா நிற்கவே இல்லை; வெட்டி வெட்டி முகத்துக்குப் போய்விட்டது. 1977 சங்கராந்திக்கு வந்த ‘தான வீர சூர கர்ணா’வில் என்.டி.ஆர். கர்ணன், கிருஷ்ணன், துரியோதனன் மூன்றும் தானே செய்தார். ஆந்திரத்தில் ஜனங்கள் இன்றும் பேசிக் காட்டுவது அந்தத் துரியோதனன் வசனத்தைத்தான். கிருஷ்ணன் வேஷத்துக்கே பேர்போன நடிகர், தோற்கிறவனுக்குக் கொடுத்த நேரம் வீண்போகவில்லை.

இத்தனைக்கும் சித்தூரில் தொலைக்காட்சிக்குத் தீனி இல்லாமல் இல்லை. மைசூர் மேட்டுக்கும் ஆற்காட்டுச் சமவெளிக்கும் நடுவே கணவாய்களாக அமைந்த நிலம் இது. எல்லைச் சண்டை என்றால் இங்கேதான் நடக்கும். இன்று மாங்காய் மண்டிக்குப் பேர்போன தாமலசெருவுக் கணவாயில் 1740 மே மாதம் மராத்தியர் இறங்கி, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றார்கள். அந்த ஒரு நாள்தான் ஆற்காட்டு அரியணையை ஆட்டம் காண வைத்து, வெள்ளைக்காரர் உள்ளே நுழைகிற கர்நாடகப் போர்களுக்கு வழி விட்டது. அதைப் பற்றி ஒரு அரை மணி நேர நிகழ்ச்சி என் கண்ணில் பட்டதில்லை. சந்திரகிரிக் கோட்டையில் ஒலி ஒளிக் காட்சி வைத்தார்கள், சரி. அது விஜயநகரப் புகழ்.

எனக்குத் தொடர் எடுக்கக் காசு கொடுத்தால் சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில் போட்ட பாசறையில் ஆரம்பிப்பேன். 1782 நவம்பரில் பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். டிசம்பர் 7ஆம் தேதி, முதுகில் வந்த கட்டியால் ஹைதர் அலி இந்தப் பாசறையில் இறந்தார். தோற்றவனும் ஜெயித்தவனும் ஒரு மாத இடைவெளியில். திப்பு அப்போது மலபார் கரையில். செய்தி வெளியே போனால் படை கலைந்துவிடும். உடலைப் பெட்டியில் வைத்து, கஜானா போகிறது என்ற தோரணையில் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். இங்கே ராஜா உடம்பு சுகமில்லாமல் உள்ளே இருக்கிறார் என்று தினசரி அலுவல் நடந்தது. திப்புவின் தம்பி அப்துல் கரீமை ஏற்றிவிடலாம் என்று சிலர் போட்ட திட்டத்தையும் அடக்கினார்கள். திப்பு வந்து சேரும் வரை அந்தப் பெரும்படை செத்த ராஜாவின் பேரில் நடந்தது.

குதிரை வாடகை இல்லை, புகை இல்லை, தந்திரக் காட்சி இல்லை. ஹைதருக்கு முதல் காட்சியோடு சம்பளத்தை முடித்துவிடலாம். கணக்குப் பிள்ளையாக இருந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் அத்தனை பேரையும் சமாளித்த பூர்ணய்யாவுக்கு மட்டும், துரியோதனன் கட்டிப் பழகிய ஆளாகப் பார்த்துப் போட வேண்டும்.