பட்டமும் பொட்டலமும்

இராசபாளையத்தில் பேருந்து ஏறித் திருவில்லிபுத்தூரைக் கடந்து, கிருட்டிணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு வரும். அதற்கு அண்மையில், மலையடிவாரத்தில் உள்ளது புதுப்பட்டி. திருவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாளைச் சொல்வர்; பாடல் இயற்றிய பெண்ணுக்குக் கோயில் எடுத்த ஊர் என்று பெருமிதம் கொள்வர். கொள்ளட்டும்! அதே வட்டாரத்தில், அதே மலையின் நிழலில், சேரியிலே பிறந்த பெண்ணொருத்தி 1992-ஆம் ஆண்டில் ஒரு நூல் தந்தார். அவர் பாமா, நூலின் பெயர் 'கருக்கு'.

கருக்கு என்பது பனைமட்டையின் இரு ஓரத்திலும் உள்ள வாள்முனை. தொட்டால் அறுக்கும். நூலும் அப்படியே. இதனைத் தன்வரலாறு என்பர் திறனாய்வாளர். நாம் இதனை வேறொன்றாகவும் படிக்கிறோம். மாணவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வழங்குவது நிறுவனங்களின் வழக்கம். இங்கே பழைய மாணவி ஒருத்தி, தன்னைப் படிக்கவைத்த நிறுவனங்களுக்குச் சான்றிதழ் எழுதுகிறார்!

நூலில் ஒரு காட்சி. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி விட்டு வருகிறாள். தெருவிலே பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலம் ஒன்றை அதன் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய், நாயக்கர் முன் குனிந்து நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்பு! வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அண்ணன் விளக்குகிறார்: பெரியவர் விளையாடவில்லை, அவர் கை பட்டால் பண்டம் தீட்டு என்பதே செய்தி. நம் சாதிக்கு மதிப்பில்லை, படித்து முன்னேறினால் இந்த இழிவைத் துடைக்கலாம் என்று அண்ணன் கூறுகிறார். அந்தச் சொல்லை நம்பிச் சிறுமி படித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தாள்.

இழிவு துடைக்கப்பட்டதா? ஏழாம் வகுப்பில், மரத்திலிருந்து விழுந்த தேங்காய்க்காகத் திருடி என்று பலர் முன்னிலையில் பழி சுமத்தினர். விடுதியிலே சேரிப்பிள்ளைகள் உண்ணும் சோற்றைக் கண்காணிப்பாளர் கண்ணால் அளந்தார். கல்லூரியிலே, தனிப்பயிற்சி தருகிறோம் என்று கூறி, 'அரிசன' மாணவரை எழுந்து நிற்கச் செய்தனர். பிரிவுபசார விருந்துக்கு உடுத்தப் புடவை இல்லாமல் குளியலறையில் ஒளிந்துகொண்டாள் அந்தப் பெண். பிறகு ஆசிரியை ஆனார். கன்னியர் மடத்திலும் சேர்ந்தார். அங்கும் சாதி இருந்தது. மடத்தைத் துறந்து வெளியேறினார். எழுத்தைக் கற்பித்த நிறுவனங்கள், அதற்கு விலையாகத் தலைகுனிவைக் கேட்டன. இதுவே 'கருக்கு' வழங்கும் சான்றிதழ்.

கடல் கடந்து பார்ப்போம். அமெரிக்காவில் வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்த காலத்தில் கறுப்பருக்கென்றே கல்லூரிகள் எழுந்தன. 1867-இல் தோன்றிய ஓவர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1953-இல் பட்டம் பெற்றவர் டோனி மாரிசன். 1993-இல் நோபல் பரிசு பெற்றார். மேரி மெக்லியட் பெத்தூன் என்னும் கறுப்பு மங்கை 1904-இல், ஒன்றரை டாலர் கைமுதலோடு, ஒருசில சிறுமியரைக் கொண்டு டேட்டோனாவில் தொடங்கிய பள்ளி பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆயினும், 'உன் இனத்தார் எழுந்து நில்லுங்கள்' என்று அங்கே ஒருவரைத் தனிமைப்படுத்த முடியாது. வகுப்பே அவர் இனம்!

நம் நாட்டிலும் அத்தகைய முயற்சிகள் உண்டு. விருதுநகரில் நாடார்கள் வீட்டுக்கொரு பிடி அரிசி திரட்டி வளர்த்த சத்திரிய வித்தியாசாலை 1889-இல் தோன்றியது. காமராசர் அங்கே பயின்றார். சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியை நிறுவினார். அப்படியாயின், புதுப்பட்டிச் சேரி ஏன் தனக்கொரு பள்ளி எழுப்பவில்லை? பிடி அரிசி ஒதுக்க முதலில் பானையில் அரிசி வேண்டும்! கடையும் கழனியும் இல்லாதவர், பிறர் கட்டிய பள்ளியின் வாயிலில்தான் நிற்க நேர்ந்தது. அங்கே கிடைத்தது உரிமை அன்று, சலுகை. சலுகை தருபவன் நன்றியை எதிர்பார்ப்பான். உரிமையைப் பெறுபவன் நிமிர்ந்து நடப்பான்.

சேரியின் பேச்சுமொழியில் எழுதியதால் இது இலக்கியமாகாது என்போர் உண்டு. அடிபட்டவன் யாப்பிலக்கணம் பார்த்தா அலறுவான்? ஒரே நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் வருகிறது என்பர். காயத்தைக் கை மீண்டும் மீண்டும் தடவுவது இயல்பு. நமக்கும் ஒரு மாறுபாடு உண்டு: சபையைச் சாடும் பாமா, ஏழையின் பக்கம் நிற்கும் ஏசுவை விடவில்லை. அதை நாம் ஏற்கோம். ஆனால் மதத்தைத் தாக்கும் பக்கங்களுக்கு மட்டும் கைதட்டிவிட்டு நூலை மூடிவிடுவது நேர்மையாகாது.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டவர் பார்ப்பனர் அல்லர். சாதிப்பட்டங்களைத் துறப்போம் என்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானித்தோம். பெரியாரும் தம் பெயரோடு இருந்த பட்டத்தை அறுத்தெறிந்தார். பெயர்களின் வால்கள் அறுந்தன. அறுபதுகளின் புதுப்பட்டியிலே பொட்டலத்தின் கயிறு அறுபடவில்லையே, ஏன்? மேல்சாதியை எதிர்த்த கை, கீழே இருந்தவனைத் தொடத் தயங்கியது. இக்கேள்வியை நம்மிடம் கேட்கும் நூலை, நாமே முதலில் படிக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் ஆதித்திராவிடர் நல விடுதி இருக்கும். சென்று பாருங்கள். சோறு எப்படி இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா என்று கேளுங்கள். பள்ளிக்குச் சென்று, உதவித்தொகைப் பெயர்களை வகுப்பில் உரக்கப் படிக்கிறார்களா என்றும் கேளுங்கள். படித்தால் தடுத்து நிறுத்துங்கள். பட்டம் பெற்றோர் தொகையை மட்டும் எண்ணிக் கல்வி வளர்ந்துவிட்டது என்று முழங்குவதால் பயனில்லை. கடைசி வரிசையில் இருக்கும் சேரிச் சிறுமி தலைநிமிர்ந்து விடை சொல்கிறாளா என்பதே அளவுகோல். அந்த அளவுகோலை நம் கையில் தந்தவர் பாமா.