கரையில் கிடைப்பதும் காட்டில் கற்பதும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு நிலக்காட்சிப் படம் எடுக்க அழைத்துப் போகும் வழிகாட்டுப் பயணங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆறேழு பேர், ஒரு வேன், ஓட்டுநரும் ஆசிரியருமாக ஒரு தொழில்முறைப் படக்காரர், ஒரு வாரம். விடியுமுன் ஓரிடம், அந்தியில் ஓரிடம். இடைப்பட்ட நேரத்தில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த படங்களை அலசுவார்கள். பிரிட்டனில் இந்த வழக்கத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் சார்லி வெயிட் முக்கியமானவர். அவருடைய 'லைட் அண்ட் லேண்ட்' 1994இல் தொடங்கியது. கட்டணம் ஒரு நல்ல கேமராவின் விலையை எட்டிவிடும். அவ்வளவு பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்குக் கடற்கரையில் ஒரு விடை, காட்டில் வேறொரு விடை.

கடற்கரையில் பணம் வாங்கித் தருவது உள்ளூர் அறிவு. நடுக்குளிர்காலத்தில் அங்கே பகல் ஆறரை மணி நேரம்தான். ஆனால் சூரியன் உச்சிக்குப் போவதே இல்லை, நாள் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம். பெரிய ஓதத்தின்போது கடல் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். காலையில் வரிவரியாக மணல் விரிந்திருந்த கரையில் மதியம் பாறை மட்டும் தெரியலாம். ஓத அட்டவணையையும் காற்றின் திசையையும் பார்த்து, காலை உணவு மேசையிலேயே அன்றைய திட்டத்தை மாற்றிவிடுகிற ஒருவர் உடனிருந்தால், தனியாகப் போய் வீணாக்கும் நாட்கள் மிச்சம். வழுக்குப் பாறையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லவும் ஆள் வேண்டும். இதையெல்லாம் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் அந்த அறிவுதான் படத்தையும் சமைத்துப் பரிமாறிவிடுகிறது. ஸ்கை தீவின் எல்கோலில் எந்தப் பாறையை முன்னால் வைத்து எதிரே குயிலின் மலைகளை நிறுத்துவது, ஹாரிஸ் தீவின் லஸ்கென்டயரில் எந்த மணல்மேட்டுப் புல்லருகே முக்காலியை ஊன்றுவது என்பதெல்லாம் முடிவான விஷயங்கள். பயணி அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறார். அது கிடைக்காமல் திரும்பினால் குறைப்படுவார். ஆகவே வழிகாட்டியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. அந்தத் தயார்ப் படத்துக்கு ஒரு தயார்க் கருவியும் உண்டு. கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும் பத்து ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். விநாடியில் முப்பதில் ஒரு பங்கு போதுமாயிருந்த படத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டும். அலைகள் புகையாகிவிடும்; எந்தக் கடல் என்ற அடையாளமும் அதோடு போய்விடும்.

இதைவிடப் பெரிய குறை, இந்தப் பயணங்கள் விற்கும் 'ஆளற்ற நிலம்'. லஸ்கென்டயரின் வெண்மணல் நொறுங்கிய சிப்பிகளால் ஆனது. அந்தச் சுண்ணாம்புச் சத்தால் கரையோரப் புல்வெளி செழிப்பானது. செழிப்பே வினையாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹாரிஸின் மேற்குக் கரைக் குடிகளை அப்புறப்படுத்தி அங்கே ஆடு மேய்த்தார்கள். குடிகள் கிழக்குக் கரையின் பாறைகளுக்கிடையே கடற்பாசியைக் குவித்து மண் உண்டாக்கிப் பயிர் செய்தார்கள். பிணத்தைப் புதைக்கும் ஆழத்துக்கு அங்கே மண்ணில்லை. இறந்தவர்களை மலை தாண்டி மேற்கே சுமந்து வந்த வழிக்கு இன்றும் சவப்பெட்டிப் பாதை என்றுதான் பெயர். அந்த இடுகாடு லஸ்கென்டயர் கரையை ஒட்டியே இருக்கிறது. லென்ஸ்கள் திரும்புவதோ எதிர்ப்பக்கம். 2010இல் இந்த நிலத்தை அங்கே வாழ்பவர்களே அறக்கட்டளை அமைத்து வாங்கினார்கள். குடும்பங்கள் வந்து குடியேற வேண்டும் என்பது அவர்கள் முயற்சி. படக்காரரோ வீடு, வேலி, மீன் வளர்ப்புக் கூண்டு எல்லாவற்றையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளப் பாடுபடுகிறார். அமெரிக்கப் படக்காரர் பால் ஸ்ட்ராண்ட் 1954இல் தெற்கு யுயிஸ்ட் தீவில் சுமார் மூன்று மாதம் தங்கி எடுத்த படங்கள் 1962இல் நூலாயின. அதில் பாறையும் கடலும் இருக்கும் அளவுக்கு முகங்களும் உண்டு. முகமில்லாமல் அந்த நிலம் முழுமையாகாது என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

காட்டுக்குள் கதை மாறுகிறது. சுனார்ட் கடற்கழியை ஒட்டிய ஸ்ட்ரான்ஷியன் ஊரருகே அரியண்டில் ஓக் காடு இருக்கிறது. மழை ஓயாத அந்த இடத்தில் பாசியும் லைக்கனும் போர்த்தாத கிளையே அரிது. இங்கே 'இந்த இடத்தில் நில்' என்று காட்ட ஒன்றுமில்லை. எங்கு பார்த்தாலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள். ஆசிரியர் உண்மையிலேயே ஆசிரியராக வேண்டியிருக்கிறது. மேகமூட்டம் இங்கே நல்லது, நிழல்கள் மென்மையாகும். போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் ஈர இலையின் பளபளப்பு அடங்கிப் பச்சை வெளிப்படும். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தால் ஒட்டிக்கிடந்த இரண்டு தண்டுகள் பிரியும். வானத்தின் வெள்ளைத் துண்டு ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்த்தால் கண் அங்கேயே ஓடிவிடும். இவை எந்த ஊர்க் காட்டுக்கும் செல்லும் பாடங்கள். மாலை அலசலில் ஏழு பேரும் ஏழு விதமான படங்களைக் காட்டுவது இந்த நாட்களில்தான்.

வரலாறும் இங்கே தானாக எட்டிப்பார்க்கிறது. ஒரே அடிமரத்திலிருந்து நாலைந்து தண்டுகள் ஏன் கிளம்புகின்றன என்று யாராவது கேட்டே தீருவார். தோல் பதனிடப் பட்டை உரித்தும், 1753இல் தொடங்கிய போனா இரும்பு உலை போன்றவற்றுக்குக் கரி சுட்டும், மேற்குக் கரையின் ஓக் மரங்களை முறைவைத்து வெட்டித் துளிர்க்க விட்டார்கள். ஆதிவனம் என்று மயங்கிப் படமெடுத்தது, தலைமுறைகளாக மனிதர் வேலை செய்த காடு. பைன் மரங்கள் வளரும் கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கில் தனித்து நிற்கும் கிழமரம் படத்தில் அழகுதான். இளங்கன்றுகளை மான்கள் தின்றதும் அந்தத் தனிமைக்கு ஒரு காரணம். கன்றுகளைக் காக்கப் போட்ட வேலி படத்தைக் கெடுக்கிறது என்று முனகுபவருக்கு நல்ல வழிகாட்டி இதைச் சொல்லிவிடுவார். எல்லாரும் சொல்வதில்லை.

கரையோ காடோ, உள்ளே போகத் தடையில்லை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடப்பவர் யாருக்கும் நிலத்தில் கால்வைக்க உரிமை தருகிறது. இப்படிப்பட்ட பயணக் குழுக்களுக்கும்தான். முக்காலிகள் பாசியில் பதிவதைக் கவனிப்பது அந்தப் பொறுப்பில் சேரும். குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும் விடுதிகளுக்கு இவர்களால் வருமானம் உண்டு என்பதையும் மறுக்க முடியாது.

வேலை, வீடு என்றிருப்பவரால் ஸ்ட்ராண்டைப் போல மூன்று மாதம் ஒதுக்க முடியாது. ஒரு வாரம்தான் கையில் உண்டென்றால், ஐந்து கரைகளை ஓடிப் பிடிக்கும் பயணத்துக்கு நான் பணம் கட்டமாட்டேன். சுனார்டில் ஒரே காட்டுக்குள் திரும்பத் திரும்பப் போகும் வாரத்துக்குக் கட்டுவேன். அப்படி ஒரு பயணத்தை விளம்பரப்படுத்துவது கடினம். அட்டையில் போட லஸ்கென்டயர் படம் இருக்காது.