பழுப்பு, வெள்ளை, பச்சை

பழைய காரைப் புதுப்பித்தவர்கள் பெயின்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். குரோமியப் பூச்சு, இருக்கைத் தோல், எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஹப்கேப் என்று பேச்சு நீளும். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வயரிங் கோளாறைக் கண்டுபிடித்தவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட வராது. என்னைக் கேட்டால், அந்தப் பட்டறையில் முதல் மரியாதை அவருக்குத்தான். மற்ற வேலைகளில் பழுது கண்ணுக்குத் தெரியும். இவரோ கண்ணுக்குத் தெரியாத ஒன்றை யோசித்தே பிடிக்க வேண்டும்.

மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான வண்டி. இலங்கையில் இன்றும் அதைத் தெருவில் பார்க்கலாம். அதன் மின்சாதனங்கள் பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனத்துடையவை. (சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ்-டிவிஎஸ்ஸின் பெயரில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.) அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளின் வயரிங்கில் என்னை மயக்குவது நிறங்களின் ஒழுங்கு. பேட்டரியிலிருந்து தடையின்றி வரும் வயர் பழுப்பு. இக்னிஷன் சுவிட்சைக் கடந்ததும் அதே மின்சாரம் வெள்ளை வயரில் போகும். ஃப்யூஸைக் கடந்தால் பச்சை. ஹெட்லைட்டுக்கு நீலம், பக்க விளக்குக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கருப்பு. பச்சையில் ஊதாக் கோடு ஓடினால் பிரேக் விளக்கு, சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. அடிநிறம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும், கோடு அது எங்கே போகிறது என்று சொல்லும்.

இது தெரிந்தவருக்குப் பாதி வேலை கருவியைத் தொடாமலே முடிந்துவிடும். பெட்ரோல் முள் அசையவில்லை, வைப்பர் ஓடவில்லை, பிரேக் விளக்கும் எரியவில்லை, ஆனால் என்ஜின் நன்றாக ஓடுகிறது என்று வையுங்கள். என்ஜினுக்குப் போவது வெள்ளை. ஆகவே சுவிட்ச் வரை எல்லாம் சரி. செத்துக் கிடப்பவை எல்லாம் பச்சை. அப்படியானால் வெள்ளை பச்சையாக மாறும் இடத்தில், ஃப்யூஸ் பெட்டியில், பழுது. பெரும்பாலும் ஃப்யூஸ்கூடப் போயிருக்காது. கண்ணாடி ஃப்யூஸைக் கவ்வும் பித்தளை நாக்கில் களிம்பு ஏறியிருக்கும்.

ஐம்பது வருடத் தூசியும் எண்ணெயும் படிந்த பருத்தி உறையில் நிறம் எங்கே தெரியும் என்று கேட்கலாம். வெளியே எல்லாம் ஒரே அழுக்கு நிறம்தான். இணைப்பின் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளினால், வெயில் படாத அந்த அரை அங்குலத்தில் ஊதா ஊதாவாகவே இருக்கும்.

நான் மிகவும் ரசிக்கும் கோளாறு பின்விளக்கில் வருவது. இரவில் விளக்கைப் போட்டு ஓட்டுகிறார்கள். ஒரு பக்கப் பின்விளக்கு மட்டும் மங்கலாக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் அது பிரகாசமாவதற்குப் பதில் அடியோடு அணைந்துவிடுகிறது! பல்பை மாற்றினாலும் அதே கதை. அனுபவமில்லாதவர் பிரேக் சுவிட்சைக் கழற்றத் தொடங்குவார். தெரிந்தவர் நேரே அந்த விளக்கின் எர்த் இணைப்புக்குப் போவார். அந்த பல்புக்குள் இரண்டு இழைகள்: பின்விளக்குக்கு 6 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது அறுந்துவிட்டால் பின்விளக்கு இழையைத் தாண்டிய மின்சாரம் பிரேக் இழை வழியாகப் பின்னோக்கி நுழைந்து, பச்சை-ஊதா வயரில் ஓடி, மறுபக்க பிரேக் இழையின் வழியாக பாடியைச் சேர்கிறது. வழி நீண்டதால் மங்கல். பிரேக்கை மிதித்ததும் பச்சை-ஊதாவிலும் முழு 12 வோல்ட் வந்து நிற்கிறது. இரு பக்கமும் சம அழுத்தம். நகர இடமில்லாமல் மின்சாரம் நின்றுபோகிறது. விளக்கு அணைகிறது. ஓர் ஓட்டத்தை மனதுக்குள் முன்னும் பின்னும் நடத்திப் பார்த்து, கடைசியில் துருப்பிடித்த ஒரு திருகைச் சுட்டிக்காட்டுவதில் இருக்கும் நேர்த்தியை நான் வேறு கைவேலைகளில் அதிகம் கண்டதில்லை.

புதுப்பித்த வண்டிகளில் எர்த் கோளாறு கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. பாடிதான் மின்சாரம் திரும்பும் பாதை. அதில் புதிதாக நாலைந்து கோட் பெயின்ட் அடித்துவிட்டால், திருகின் அடியிலும் பெயின்ட். மின்சாரத்துக்கு அது சுவர். அந்த இடத்தில் மட்டும் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுவார் நல்ல எலக்ட்ரீஷியன். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையை மறந்தால் இன்னும் விபரீதம்: ஸ்டார்ட்டர் கேட்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர், கிடைத்த வழியென்று சோக் கேபிளில் பாய்ந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

மல்டிமீட்டரை மட்டும் நம்புகிறவரை நான் முழுதாக நம்பமாட்டேன். பத்துப் பதினைந்து இழைகளில் ஒன்றே மிஞ்சிய வயரின் முனையிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கேட்கும் மின்சாரம் அற்பம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும்போதுதான் வயரின் உண்மை நிலை வெளிவரும். அதனால் விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியில், மறுமுனை அதே பாதையின் ஒவ்வோர் இணைப்பிலும். எந்த இணைப்பைத் தாண்டும்போது முள் துள்ளுகிறதோ அங்கே திருட்டு. 12க்கு 10 வோல்ட்தான் பல்பை எட்டுகிறது என்றால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

ஷார்ட் தேடுவதற்கு மீட்டரும் வேண்டாம். மைனரில் இருப்பதே இரண்டு ஃப்யூஸ்தான். ஹெட்லைட்டுக்குக் காவல் கிடையாது. எனவே பேட்டரி வயரைக் கழற்றி, இடையில் ஒரு 21 வாட் பல்பை மாட்டுவார்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு முழுதாக எரிந்தால் எங்கோ வயர் பாடியைத் தொடுகிறது. பல்பு இரண்டு ஆம்பியருக்குமேல் விடாது, எதுவும் கருகாது. ஹார்னஸை அடிமுதல் நுனிவரை மெல்ல அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் கை படும்போது பல்பு அணைகிறதோ, அங்கே உறையைப் பிரித்தால் போதும்.

டைனமோ வேலையும் அழகானது. மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகிறது, இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறாக. காயில் கட்டி வந்த டைனமோவுக்குத் தன் திசை தெரியாது. பேட்டரியின் உயிர் வயரை எடுத்து அதன் எஃப் முனையில் ஒரு கணம் உரசினால் சின்னப் பொறி தெறிக்கும். இரும்பில் தங்கும் காந்தம் அந்தத் திசையை ஏற்றுக்கொள்ளும்.

இத்தனை வழிகள் இருக்க, பேட்டரியிலிருந்து ஹாரனுக்கு நேராக ஒரு சிவப்பு வயரை இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்த வண்டியில் சிவப்பு என்றால் பின்விளக்கு. அடுத்து வருபவர் அதை நம்பி ஏமாறுவார். புது வயர் சேர்க்கக் கூடாது என்றில்லை. ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பது நல்ல காரியம்தான். பேட்டரியிலிருந்து ரிலேவுக்குப் பழுப்பு, ரிலேவிலிருந்து ஹை பீமுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு. பருத்திப் பின்னல் போட்ட வயர் அதே நிறங்களில் இன்றும் இங்கிலாந்தில் நெய்கிறார்கள். விலை கூடுதல், வாங்கிப் போடலாம்.