காத்திருப்பும் கட்டியக்காரனும்

தெருக்கூத்தில் வேடதாரிகள் ஒப்பனை முடித்து வரும்வரை அவையைத் தாங்குபவன் கட்டியக்காரன். அவனது நகைச்சுவை வெறும் இடைநிரப்பன்று. வரவிருக்கும் பாத்திரத்தை அறிவித்து, அவையைக் கதைக்குள் அழைத்துச் செல்வதாகும். காப்பார் இளையோர் இன்று ஆடும் வீடியோ விளையாட்டுகளில் ‘லோடிங்’ எனப்படும் காத்திருப்பையும் இவ்வளவுகோல்கொண்டு மதிப்பிடலாம் எனக் கருதுகிறோம்.

நாம்கோ நிறுவனம் 1994-இல் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட ‘ரிட்ஜ் ரேசர்’ என்னும் கார்ப் பந்தயம், அக்காத்திருப்பில் தனது 1979-ஆம் ஆண்டு விளையாட்டான ‘கேலக்ஸியனை’ ஆடத் தந்தது. அலுப்பு நீங்கியது, ஆயினும் விண்வெளிப் போருக்கும் பந்தயத்துக்கும் உறவில்லை. 2009-இல் வந்த ‘பேயோனெட்டா’வோ தன் நாயகியைக் கொண்டே தாக்குமுறைகளைப் பயிலச் செய்தது. கட்டியக்காரன் மரபுக்கு அணித்தானது இதுவே.

இவ்வுத்தி பரவலாக வளராமைக்குக் காப்புரிமையும் ஒரு காரணம் எனலாம். 1987-இலேயே கமடோர் 64 கணினியின் ஒலிநாடாக்களில் இத்தகு இடைவிளையாட்டு இருந்தது. எனினும், 1995-இல் விண்ணப்பித்த நாம்கோ 1998-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அது 2015-இல் முடிவுற்றது. இன்றோ விரைவுச் சேமிப்பகங்கள் காத்திருப்பையே பெரிதும் குறைத்துவிட்டன.

கட்டியக்காரன் கலை எவருடைய தனியுடைமையும் அன்று; ஆதலின் ஒவ்வொரு கலைஞனும் அதனைத் தன் வழியில் வளர்க்க முடிந்தது. கூத்தினைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வொப்பீட்டை முன்வைப்பின், அவன் பாடநூற் பாத்திரமாக மட்டும் மாணவர்க்குத் தோன்றான்.