இரவல் குரல்

ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் இரண்டாம் பாடவேளை. ஆங்கில ஆசிரியை புத்தகத்தை விரித்துத் தலையசைக்கிறார். பக்கத்தில் நிற்கும் வெளிநாட்டு இளைஞர் ஒரு வாக்கியம் வாசிக்கிறார். வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்கிறது. ஒரு பக்கம் முடிந்ததும் இலக்கண விளக்கம் ஜப்பானிய மொழியில் தொடங்குகிறது. இளைஞருக்கு இனி வேலையில்லை. கரும்பலகையோரம் ஒதுங்கி நிற்கிறார். இந்த வேலையில் இருப்பவர்கள் தங்களை ‘மனித டேப் ரெக்கார்டர்’ என்று கேலி செய்துகொள்வதில் வியப்பில்லை.

ஏ.எல்.டி. எனப்படும் இந்த உதவி மொழியாசிரியர்கள் வர முக்கிய வாசலாக இருப்பது 1987இல் தொடங்கிய ஜெட் திட்டம், அதாவது ‘ஜப்பான் பரிமாற்றமும் கற்பித்தலும்’ திட்டம். முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து 848 பேர் வந்தார்கள். 2002இல் எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு பட்டம் போதும், ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. ஓராண்டு ஒப்பந்தம், நீட்டித்தால் அதிகபட்சம் ஐந்தாண்டு.

திட்டம் பிறந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவோடு வணிகப் பூசல் முற்றியிருந்த காலம் அது. கதவடைத்த நாடு என்ற பேச்சை ஜப்பான் மாற்றியாக வேண்டியிருந்தது. அதனால்தான் கல்வி அமைச்சகத்தோடு வெளியுறவும் உள்ளாட்சியும் கைகோத்தன. திட்டத்தின் பெயரில்கூடப் பரிமாற்றம் முதலில் வருகிறது, கற்பித்தல் பிறகுதான். இன்றுவரை தொடரும் குழப்பத்தின் வேர் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

பரிமாற்றம் என்ற அளவுகோலால் அளந்தால் இந்த முறை வென்றிருக்கிறது. மதிய உணவு நேரத்தைப் பாருங்கள். வெள்ளை மேலங்கியும் தொப்பியும் மாட்டிய பிள்ளைகளே வகுப்பறையில் சோறும் சூப்பும் பரிமாறுகிறார்கள். வெளிநாட்டு ஆசிரியரும் ஒரு சின்ன நாற்காலியில் நடுவே உட்கார்கிறார். மதிப்பெண் இல்லை, திருத்த யாருமில்லை. பாடவேளை முழுக்க வாய் திறக்காத பையன் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்கிறான்: “நாட்டோ பிடிக்குமா?” நூலிழுக்கும் அந்தப் புளித்த சோயாவை ஆசிரியர் வாயில் வைத்து முகம் சுளித்ததும் மேசையே சிரிக்கிறது. வேற்றுநாட்டு முகத்தையே காணாத தீவுப் பள்ளியில், தேர்வுப் பாடமாக இருந்த ஆங்கிலம் அந்தக் கணத்தில் ஒரு மனிதரின் பேச்சாகிறது.

அந்த உறவு மேலோட்டமானதல்ல. இஷினோமாக்கியில் பணியாற்றிய அமெரிக்கர் டெய்லர் ஆண்டர்சன் 2011 சுனாமியில் இறந்தார். அவருடைய பெற்றோர் அந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் புத்தகங்களும் அலமாரிகளும் வழங்கினார்கள்.

கற்பித்தல் என்று வரும்போது கதை வேறு. பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத்தேர்வில் வாசிப்பும் கேட்டலும் உண்டு, பேச்சு இல்லை. பேச்சையும் சோதிக்கும் தனியார் தேர்வுகளைச் சேர்க்கும் முயற்சியை 2019 நவம்பரில் அரசே தள்ளிவைத்தது. தேர்வுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியைக்கு உரையாடல் வகுப்பு விளையாட்டு வேளையாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தொடக்கப் பள்ளியில் நிலைமை தலைகீழ். 2020 முதல் ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம். ஆங்கிலத்தில் பயிற்சியில்லாத வகுப்பாசிரியர் பின்வாங்க, ‘உதவி’ என்று பெயர் கொண்டவரே பாடம் முழுவதையும் நடத்திவிடுகிறார். பொறுப்பு மட்டும் அவருடையதல்ல.

மிகப் பெரிய ஓட்டை ஒப்பந்தத்தில் இருக்கிறது. பல கல்வி வாரியங்கள் செலவு குறைக்கத் தனியார் நிறுவனங்கள் வழியே ஆளெடுக்கின்றன. வெளிக்குத்தகை முறையென்றால் பள்ளி ஆசிரியர் அந்த உதவியாளருக்கு நேரடியாக வேலை சொல்வது சட்டப்படி கூடாது; நிறுவனம் வழியாகத்தான் சொல்ல வேண்டும். ஒரே கரும்பலகை முன் நிற்கும் இருவர் சேர்ந்து திட்டமிடுவதே சிக்கலாகிறது. சேர்ந்து கற்பிப்பதற்கென்றே உண்டான முறைக்கு இதைவிட முரண் வேண்டுமா?

அப்படியானால் மூடிவிடலாமா? வேண்டாம். ஆனால், “இது பரிமாற்றத் திட்டம்தானே” என்ற சமாதானத்தையும் ஏற்க முடியாது. கற்பித்தலைக் காட்டி ஆளெடுத்துவிட்டு, கற்றல் எங்கே என்று கேட்டால் நட்பைக் காட்டுவது நழுவல்தான். இருவரும் உட்கார்ந்து பாடம் திட்டமிட நேரம் வேண்டும். வழக்கமான சான்றிதழ் இல்லாதவர்களுக்கு மாநில வாரியங்கள் தரும் சிறப்பு ஆசிரியர் உரிமம் ஏற்கெனவே இருக்கிறது. தொழில் பழகி, ஜப்பானிய மொழியும் கற்றவர்களுக்கு அந்த வழியைத் தாராளமாகத் திறந்தால் அனுபவம் பள்ளியிலேயே தங்கும்.

இப்போது நடப்பது வேறு. பிள்ளைகளின் பெயரெல்லாம் மனப்பாடமான கோடையில் ஒப்பந்தம் முடிகிறது. செப்டம்பரில் புதியவர் வருகிறார். தன் நாட்டுக் கொடியையும் குடும்பப் படத்தையும் காட்டி அறிமுக வகுப்பு நடத்துகிறார். மதிய உணவில் அதே பையன் அதே கேள்வியைக் கேட்கிறான்: “நாட்டோ பிடிக்குமா?” அதற்கு அடுத்த கேள்வியை அவன் இன்னும் கற்கவில்லை.