எருசலேமிலிருந்து எரிகோவுக்கு: ஓர் உளவியல் ஆய்வும் நம் பிரசங்கங்களும்

பிரசங்க பீடத்தில் உளவியல் ஆய்வுகளை எடுத்துக்காட்டாகக் கையாளும் வழக்கம் நம் போதகர்களிடையே பெருகியிருக்கிறது. அவற்றுள் அடிக்கடி எடுத்தாளப்படுவது, நல்ல சமாரியன் உவமையை ஒட்டி அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவரிடையே நடத்தப்பெற்ற ஆய்வாகும். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இருவர் நடத்திய அவ்வாய்வு 1973-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாமும் அதனைப் பல ஆண்டுகளாக வகுப்பறையிலும் திருச்சபைகளிலும் எடுத்துரைத்து வந்திருக்கிறோம். சமாரியனைக் குறித்துப் பேசப்போன இறையியல் மாணவருள் பத்தில் ஒருவரே வழியில் கிடந்தவனுக்கு உதவினார் என்று நாம் சொல்லுகையில், சபையார் வியப்பதையும் மாணவர் தலைகுனிவதையும் கண்டு உள்ளூர மகிழ்ந்ததுமுண்டு. மூலக் கட்டுரையை முழுமையாக வாசித்த பின்னரே நாம் சொல்லிவந்தது பிழை என்பது விளங்கிற்று.

ஆய்வில் உண்மையாக நடந்தது இது. நாற்பது மாணவரை ஒவ்வொருவராக ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்திற்கு ஒரு சிற்றுரை ஆற்ற அனுப்பினர். சிலருக்கு உரைப்பொருள் சமாரியன் உவமை. மற்றையோருக்கு இறையியல் பட்டதாரிகளுக்கு ஏற்ற வேலைகள் எவை என்பது. புறப்படுகையில் சிலரிடம், 'நேரமாயிற்று, உமக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று சொல்லப்பட்டது. சிலரிடம், எல்லாம் ஆயத்தம், உடனே செல்லலாம் என்று சொல்லப்பட்டது. சிலருக்கோ இன்னும் சில நிமிடங்கள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. இடைவழியில் ஒரு மனிதன் கதவோரம் சரிந்து, தலைகவிழ்ந்து, இருமி முனகிக்கொண்டிருந்தான். அவன் ஆய்வாளரால் அமர்த்தப்பட்டவன் என்பதை மாணவர் அறியார்.

நாற்பதின்மருள் பதினாறு பேர் ஏதேனும் ஒருவகையில் உதவினர். நேரமிருந்த எட்டுப் பேரில் ஐவரும், நடுத்தர அவசரத்திலிருந்த இருபத்திரண்டு பேரில் பதின்மரும், மிகுந்த அவசரத்திலிருந்த பத்துப் பேரில் ஒருவரும் நின்றனர். ஆக, நாம் கூறிவந்த 'பத்தில் ஒருவர்' என்னும் கணக்கு அவசரப்படுத்தப்பட்டோருக்கே உரியது. உவமையைப் பேசப்போனவர்களுக்கு உரியதன்று. உவமையைச் சிந்தித்துச் சென்றோருள் 53 விழுக்காட்டினர் உதவினர். வேலைவாய்ப்பைச் சிந்தித்துச் சென்றோருள் 29 விழுக்காட்டினரே உதவினர். இவ்வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை என்று கூறி ஆய்வாளர் அதனை ஒதுக்கிவிட்டனர். ஆனால் 1975-இல் அந்தோணி கிரீன்வால்ட் என்னும் உளவியலார் அதே எண்களை மறுபடியும் ஆராய்ந்து, உவமைக்கு யாதொரு பயனும் இல்லை என்ற முடிவிற்கு இத்தரவுகள் இடந்தரவில்லை என்று வாதிட்டார். நாற்பது பேரை மூன்று நிலைகளிலும் இரண்டு தலைப்புகளிலும் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவரே மிஞ்சுவர் அல்லவா? ஒரு நிரூபணமின்மையை இன்மையின் நிரூபணமாக எடுத்துக்கொண்டு, திருவசனத்தைத் தியானித்தவனும் தியானியாதவனும் ஒன்றே என்று அறைகூவிய பிரசங்கங்கள் எத்தனை!

இங்கு ஒரு சிறு விலகல். டார்லி இத்துறைக்கு வரக் காரணமாயிருந்தது 1964-இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் கொலை. முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டே வாளாவிருந்தனர் என்று அந்நாளில் ஒரு நாளேடு எழுதியது. அது பெரிதும் மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்பது பின்னர் தெரியவந்தது. எனினும் முப்பத்தெட்டு என்னும் எண் நம் பிரசங்கக் குறிப்பேடுகளைவிட்டு இன்னும் அகலவில்லை. வேதவசனத்தைச் சந்தர்ப்பத்தோடு வாசிக்கவேண்டும் என்று மாணவரைக் கண்டிக்கும் நாம், உளவியல் எண்களைச் சந்தர்ப்பமின்றி வாசிக்கத் தயங்குவதில்லை.

அவசரம் மனிதனின் நடத்தையை மாற்றுகிறது என்பது ஆய்வின் மெய்யான கண்டுபிடிப்பு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருத்தை ஆய்வாளர் எங்கிருந்து பெற்றனர் என்பது நமக்குரிய கேள்வி. ஆசாரியனும் லேவியனும் பல அலுவல்களுடைய முக்கியஸ்தர், ஆகவே விரைந்திருப்பர்; சமாரியனோ அவ்வளவு பொறுப்பில்லாதவன், ஆகவே அவனுக்கு நேரமிருந்திருக்கும் என்று அவர்கள் உவமையை வாசித்தனர். இவ்வாசிப்பு லூக்காவில் இல்லை. தமிழ்த் திருமறையில் ஆசாரியன் அவ்வழியே 'வந்தான்' என்றுமட்டும் காண்கிறோம். கிரேக்க மூலத்திலோ அவன் 'இறங்கி' வருகிறான். எருசலேம் மலைமேல் இருப்பது, எரிகோ பள்ளத்தாக்கில் இருப்பது. இறங்கிவருகிறவன் தேவாலயத்தைவிட்டுப் போகிறவனேயன்றி அதற்குப் போகிறவன் அல்லன். பணிமுறை முடித்துத் திரும்புகிறவனுக்கு என்ன அவசரம்? பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டால் ஆராதனை தடைபடுமென அஞ்சினான் என்னும் பழைய விளக்கமும் இதே இறக்கத்தில் வலுவிழக்கிறது. மாறாக, பிரயாணமாய் வந்தவன் என்று லூக்கா வெளிப்படையாகக் குறிப்பது சமாரியனை மட்டுமே. செல்லவேண்டிய ஊரும் முடிக்கவேண்டிய காரியமும் உடையவனாயிருந்ததால்தான் அவன் மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறான், திரும்பி வருவதாகவும் சொல்லுகிறான். ஓய்வுள்ளவன் உதவினான் என்பதன்று உவமை. கண்டவர் மூவர், மனதுருகியவன் ஒருவன். அவ்வளவே லூக்கா சொல்லுகிறார். அந்த உருக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அளக்கும் கோல் ஆய்வாளரிடம் இல்லை. அதற்காக அவர்களைக் குறைகூறவும் இயலாது. அவர்கள் தேடியது அதுவன்று.

இன்னொரு பகுதியைப் போதகர்கள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றனர். மாணவரின் சமயப் பற்றின் வகைகளும் வினாத்தாள்மூலம் அளக்கப்பட்டன. யார் நிற்பார், யார் நிற்கமாட்டார் என்பதை அவை முன்னறிவிக்கவில்லை. ஆனால் நின்றவர்கள் உதவிய விதத்தில் வேறுபாடு தெரிந்தது. சமயத்தை ஓயாத தேடலாகக் கொண்டவர், அம்மனிதன் தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவுடன் அதை ஏற்று நகர்ந்தனர். கோட்பாட்டில் உறுதியானவரோ அவன் வேண்டாமென்றும் விடாமல் அழைத்துச் செல்ல முயன்றனர். முன்னது பிறர் தேவைக்குச் செவிகொடுக்கும் உதவி, பின்னது தன் தேவையை நிறைவேற்றும் உதவி என்ற திசையில் ஆய்வாளர் பொருள் கண்டனர். மருத்துவமனைக்குச் சென்று நோயாளியைக் களைப்படையச் செய்யும் நம் சந்திப்பு ஊழியத்தை எண்ணுங்கால் இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இருமிக்கொண்டு தரையில் சரிந்திருப்பவன் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வதை அப்படியே நம்புவதுதான் செவிகொடுத்தலா? நம் கிராமச் சபைகளில் பசியோடிருப்பவரும் 'சாப்பிட்டாயிற்று ஐயா' என்றே சொல்லுவர். அதை நம்பித் திரும்பும் போதகரை எவரும் மெச்சுவதில்லை.

ஆயினும் இவ்வாய்வினால் நாம் மெய்யாகவே கற்றது ஒன்றுண்டு. அவசரப்பட்டோர் இரக்கமற்றவரா? அப்படியல்ல என்று ஆய்வாளரே கருதினர். சிலருக்கு அக்காட்சி உதவிவேண்டிய ஒன்றாக மனத்தில் பதியவேயில்லை. சிலர் கலக்கத்தோடேயே உரை ஆற்றும் இடம் வந்துசேர்ந்தனர். 1978-இல் பேட்சன் வேறு சிலரோடு நடத்திய தொடர் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கிற்று. விரைவுபடுத்தப்பட்டும், தாம் போய்ச் சேருவது ஆய்வாளருக்கு அத்தனை இன்றியமையாததன்று என்று அறிந்தவருள் பெரும்பாலோர் நின்று உதவினர். தம்மையே நம்பியிருக்கிறார்கள் என்று எண்ணியவர்களே கடந்துபோயினர். எனவே ஓட்டமாய் ஓடுகிறவனுடைய உள்ளத்தில் இரக்கமின்மை இருக்கவேண்டுவதில்லை. காத்திருக்கும் ஒருவருக்கு உண்மையாயிருக்க விரும்புவதும் அங்கே இருக்கிறது. ஒரே ஞாயிறன்று மூன்று கிராமங்களில் திருவிருந்து நடத்த மோட்டார் சைக்கிளில் விரையும் ஆயரை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. அவரைப் பார்த்து 'நீர் லேவியன்' என்று சொல்லுவது எளிது. அவருடைய குற்றவுணர்வோடு இன்னும் ஒரு சுமையைக் கூட்டுவதன்றி அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இரண்டு ஆய்வுகளிலும் அளக்கப்படாத ஒருவர் உண்டு. 'நேரமாயிற்று' என்று சொல்லி அனுப்பியவரே அவர். மாணவரின் காலை விரைவுபடுத்திய அந்தக் குரல் கல்விக்கூடத்தின் குரல், அதிகாரத்தின் குரல். இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களாகிய நமக்கு அந்தக் குரல் அந்நியமானதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எபிரெயத் தேர்வு நாளன்று மாணவர் ஒருவர் முக்கால்மணி நேரம் தாமதித்து வந்தார். லாரி இடித்து விழுந்த பால்காரர் ஒருவரை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். சட்டைக் கையில் இரத்தக் கறை இருந்தது. அரைமணிக்குப் பின் எவரையும் அனுமதிப்பதில்லை என்ற விதியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினோம். அனுப்பிவிட்டு, மேற்பார்வையாளர் நாற்காலியில் அமர்ந்து அவ்வார அருளுரைக்குக் குறிப்பெடுத்தோம். அவர் அடுத்த பருவத்தில் மறுதேர்வு எழுதித் தேறினார். அதைக்குறித்து அவர் நம்மிடம் ஒருபோதும் பேசியதில்லை, நாமும் பேசவில்லை. இந்தக் கட்டுரையை முடிக்கும் இவ்வாரத்தில்தான் அவர் ஊழியஞ்செய்யும் ஊரின் விலாசத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறோம்.